ஆறு பிள்ளைகள், ஆறு வாரங்கள்

(அறக்கட்டளை விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கு நோக்கிச் சென்று, கோமுகி அணையைக் கடந்து, பரிகத்தை அடுத்துத் தொடங்கும் மலைப்பாதையில் ஏறினால் கரியாலூர் வரும். கோடை விழாவுக்கும் படகுச் சவாரிக்கும் வருவோர்க்கு அது குளிர்ந்த காற்று வீசும் ஓர் ஊர். கல்வராயன் மலையின் பிள்ளைகளுக்கோ அது பள்ளிக்கூடமும் விடுதியும் உள்ள ஊர். 2019ஆம் ஆண்டு விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது, அப்பாண்டைநாதர் எழுந்தருளியுள்ள திருநறுங்கொண்டையும் இக்கரியாலூரும் ஒரே மாவட்டத்திற்குள் வந்தன. ஆகவே அம்மலைப் பிள்ளைகள் இம்மலரைப் படிக்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு அயலார் அல்லர், அண்டை வீட்டார்.

அறக்கட்டளைகள் மலைப்பள்ளிகளுக்குப் புத்தகப் பை, குறிப்பேடு, கம்பளி முதலியவற்றை வழங்கி வருகின்றன. அவை வேண்டியவையே. அரசும் காலை உணவு, நண்பகல் உணவு, சீருடை, பாடநூல் ஆகியவற்றைத் தருகிறது. இவற்றால் எட்ட முடியாத இடம் ஒன்று உண்டு. ஏழு வயதுப் பிள்ளை ஒன்று விடுதியில் இரவில் விழித்துக்கொண்டு, வயிறு வலிக்கிறது என்று சொல்லவும் அஞ்சிப் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறதே, அந்த இடம். அதற்கு எந்தப் பையும் உதவாது. உதவி கேட்கும் திறன் ஒன்றே உதவும். அத்திறனைக் கற்பிக்க முடியுமா, முடியுமெனில் அதற்குத் திட்டமிடுவது எவ்வாறு என்பதே இவ்வுரையின் பொருள்.

மலையின் நிலைமையை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம். கல்வராயன் மலையில் வாழ்வோருள் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என்று மயங்குவோர் உண்டு. அவர்கள் பேசுவது தமிழே; காஞ்சியிலிருந்து மலையேறி வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களிடையே வழங்கும் வரலாறு. சாமையும் தினையும் மரவள்ளியும் விளையும் மண். கடுக்காய்க்குப் பெயர்பெற்ற காடு. விளைச்சல் ஆண்டு முழுவதற்கும் போதாமையால் பெற்றோர் பலர் கேரளத்துக்கும் கருநாடகத்துக்கும் தோட்ட வேலை தேடிச் செல்கின்றனர். கல்வராயன், ஜவ்வாது, சித்தேரி மலைகளிலிருந்து ஆடவர் சிலர் தரகர்களின் சொல்லை நம்பிச் செம்மரம் வெட்டச் சென்று ஆந்திரச் சிறைகளில் கிடந்ததும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட இருபது பேருள் பெரும்பாலோர் ஜவ்வாது, சித்தேரி மலைப்பகுதியினர் என்பது செய்தித்தாள்களில் வந்ததே. ஒரு மலையில் விழுந்த இடியின் ஒலி அடுத்த மலையின் குழந்தைக்கும் கேட்கும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதந்தோறும் 5,000 ரூபாயும், வைப்புத்தொகையாக 5 லட்சம் ரூபாயும் வழங்குவதாக அரசு அறிவித்தது. அதனைத் தொடர்ந்து சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாகவே முன்வந்து வழக்கு எடுத்துக்கொண்டது. பணம் வேண்டும்; சாலை வேண்டும்; மருத்துவமனை வேண்டும். இவற்றோடு, இறந்த தந்தையைப் பற்றி வகுப்பில் ஒருவன் கேலி பேசினால் என் செய்வது என்பதும் அக்குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டுமன்றோ?

இத்தகைய பிள்ளைகளைக் கண்டவுடன் பெரியோர்க்குத் தோன்றுவது புத்தி சொல்லுதல். ‘நன்றாகப் படி, அழாதே, தைரியமாக இரு’ என்பன நல்ல சொற்களே. ஆனால் அழாமல் இருப்பது எப்படி என்பதை அச்சொற்கள் கற்பிப்பதில்லை. ஆங்கிலத்தில் கவுன்சிலிங் எனப்படுவதற்குத் தமிழ்நாட்டில் ஆலோசனை என்னும் சொல்லே பெருவழக்கு. ஈழத்தமிழர் உளவளத்துணை என்றும் ஆற்றுப்படுத்தல் என்றும் வழங்குகின்றனர். இவற்றுள் ஆற்றுப்படுத்தல் என்பது எண்ணி எண்ணி மகிழத்தக்க சொல்லாட்சி. ஆலோசனை என்றால் கூறுவோர் உயரத்திலும் கேட்போர் தாழ்விலும் நிற்கின்றனர். ஆற்றுப்படையிலோ முன்பு அவ்வழியே சென்றுவந்தவன், இனிச் செல்வோர்க்கு வழியைக் கூறுகிறான், அவ்வளவே.

பத்துப்பாட்டின் இறுதி நூலாகிய மலைபடுகடாம் கூத்தராற்றுப்படை என்றும் பெயர் பெறும். பெருங்கௌசிகனார் பாடிய அந்நூலின் தலைவன் நன்னனது ஊராகிய செங்கண்மா, இன்றைய செங்கம், கல்வராயன் மலைக்கு வடக்கே உள்ளது. அந்நூல் வழிகாட்டும் முறையைக் காண்க. பரிசிலின் பெருமையை மட்டும் கூறிப் போய்வாருங்கள் என்று அனுப்பிவிடுவதில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு உறையும் குழி எங்கே, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எங்கே வந்து விழும், வழுக்கும் பாறையை எவ்வாறு கடப்பது என்று ஒவ்வோர் இடராக எடுத்துரைக்கிறது. வழிகேட்டு நிற்பவரும் ஒருவர் அல்லர், ஒரு கூட்டம். குழுவாக ஆற்றுப்படுத்துதலுக்குத் தமிழில் இதனினும் பழைய முன்மாதிரி தேட வேண்டுவதில்லை.

இனிக் குழுவைத் திட்டமிடும் முறைக்கு வருவோம்.

வகுப்பு முழுமைக்கும் நடத்தும் வாழ்க்கைத்திறன் பாடம் வேறு. ஒரு பிள்ளையைத் தனியே அமர்த்திப் பேசுவது வேறு. இரண்டிற்கும் இடைப்பட்டது சிறுகுழு. ஐந்து அல்லது ஆறு பிள்ளைகள், வாரம் ஒரு முறை, அரை மணி நேரம், ஆறு முதல் எட்டு வாரம் வரை. ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளாயின் நால்வர் போதும். இருபது நிமிடத்துக்கு மேல் அவர்கள் அமரமாட்டார்கள், அமர வைப்பதும் தவறு. ஐந்து வகுப்பும் ஓரிரு ஆசிரியர் முன் அமர்ந்திருக்கும் மலைப்பள்ளியில் ஒத்த வயதினரையே தேடிச் சேர்த்தல் அரிது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஒரு குழுவாகக் கொள்ளலாம். ஆறு வயதையும் பத்து வயதையும் கலத்தல் மட்டும் கூடாது.

ஒரு குழுவுக்கு ஒரு திறன். இது முதல் விதி. உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத்திறன்கள் என்று பத்தினை எண்ணிக் காட்டுகிறது: தன்னை அறிதல், பிறர் துயர் உணர்தல், உணர்வுகளைக் கையாளுதல், சிக்கலைத் தீர்த்தல் என அப்பட்டியல் நீள்கிறது. பத்தையும் ஆறு வாரத்தில் ஊட்டிவிட முயல்வோர் உளர். ஆசிரியரிடம் சென்று கேட்டால், அந்தப் பள்ளிக்கு இவ்வாண்டு எது வேண்டும் என்பது தெரிந்துவிடும். விளையாட்டில் சேரத் தெரியாமல் ஓரமாக நிற்கும் பிள்ளைகளா? சினம் வந்தால் கல்லை எடுப்பவரா? விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பிய வாரம் முழுவதும் உண்ணாதவரா? தேவையைக் கண்டபின்பே திறனைத் தேர்தல் முறை. கையில் வைத்திருக்கும் பாடத்திட்டத்துக்குப் பிள்ளைகளைத் தேடுவது, தைத்த சட்டைக்கு ஆள் தேடுவது போன்றதாகும்.

யாரை யாரோடு அமர்த்துவது என்பது அடுத்தது. இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். நல்லெண்ணம் பெரிதும் வழுக்கி விழும் பாறை இதுவே. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939இல் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்னும் நகரங்களில் ஒரு முயற்சி தொடங்கியது. 506 சிறுவர்களைத் தேர்ந்து, இணை இணையாகப் பிரித்து, ஒரு பாதியினர்க்கு ஆலோசகர், பாட உதவி, மருத்துவம், கோடை முகாம் என அனைத்தும் பல்லாண்டு வழங்கினர். மறுபாதியினர்க்கு ஏதும் வழங்கவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் என்னும் அறிஞர் அவர்களைத் தேடிக் கண்டு 1978இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றோருள் பலர் தங்கட்கு அது நன்மை செய்ததாகவே கூறினர். ஆயின் குற்றம், மதுப்பழக்கம், உடல்நலம் ஆகியவற்றை அளந்து பார்த்தபோது, உதவி பெற்றவர்களே உதவி பெறாதவர்களைவிடச் சில வகைகளில் தாழ்ந்திருந்தனர். பின்னர் 1999இல் மெக்கார்டும் தாமஸ் டிஷியன் முதலியோரும் இதனை மீண்டும் ஆய்ந்து, கோடை முகாமுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை அனுப்பப்பட்டவர்களிடமே தீங்கு மிகுதி எனக் கண்டனர். குறும்பு செய்வோரை ஒன்றுகூட்டினால் ஒருவர் குறும்புக்கு மற்றவர் சிரிப்பே பரிசாகிவிடுகிறது என்பது அவர்கள் கூறிய காரணம்.

இதனால் விளங்குவது என்ன? சண்டையிடும் ஆறு சிறுவரைப் பொறுக்கி ஓர் அறையில் அமர்த்தினால் அது சண்டைக்குப் பயிற்சிக்கூடம் ஆகிவிடும். இருவர் சினத்தர் எனின், பொறுமையுடையோர் இருவரும், கூச்சமுடையோர் இருவரும் உடன் இருக்கட்டும். பொறுமையுடைய பிள்ளைக்கு இதனால் என்ன பயன் என்று அதன் தாய் கேட்கக்கூடும். வழிகாட்டும் திறன் அதற்குக் கிடைக்கிறது. துயரக் குழுக்கள் மட்டும் இதற்குச் சற்று வேறானவை. தாயை அல்லது தந்தையை இழந்த பிள்ளைகள் ‘எனக்கு மட்டும் அன்று’ என்று அறிவதே அங்கே மருந்து. ஆனால் அக்குழுவுக்குச் சாராயத்தின் பெயரோ இழவின் பெயரோ வந்துவிடக் கூடாது. மகிழ் முற்றம் என்னும் திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளிகளில் மாணவரைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து அணிகளாக்கியிருப்பது அழகியதொரு செயல். சிறுகுழுவுக்கும் அவ்வாறே ஒரு பூவின் பெயரோ பறவையின் பெயரோ போதும். பிள்ளைகளே பெயர் வைத்தால் இன்னும் நன்று.

பெற்றோர் இசைவு இன்றித் தொடங்கலாகாது. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தாரர்களின் பிடியில் இருந்தது. கூலியின்றி உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று தாய் தந்தையராய் உள்ளனர். மேலிருந்து வரும் தாளில் கைரேகை வைக்கச் சொன்னால் அவர்கள் அஞ்சுவதில் வியப்பில்லை. ஆகவே தாளை அனுப்பாமல் ஆளை அனுப்ப வேண்டும். விடுதிக்குப் பிள்ளையைக் காண வரும் நாளில் அமர்ந்து, ‘உங்கள் பிள்ளைக்குக் குறை ஒன்றும் இல்லை; வாய்விட்டுக் கேட்கப் பழக்கப் போகிறோம்’ என்று அவர்கள் மொழியிலேயே விளக்கல் வேண்டும். ஊர்க்கவுண்டரிடமும் ஒரு சொல் சொல்லிவைப்பது மலை வழக்கத்துக்கு உரிய மரியாதை.

குழுவில் பேசியதை வெளியே பேசலாகாது. இதனைப் பிள்ளைகளுக்கும் கூறவேண்டும். ஆசிரியர் அறையில் தேநீர் அருந்தும் பெரியோர்க்கு இன்னும் அழுத்தமாகக் கூறவேண்டும். ஒரே ஒரு விலக்கு உண்டு. ஒரு குழந்தை தனக்கு நேர்ந்த பாலியல் தீங்கைக் கூறினால் அது மறைத்துவைக்கும் செய்தி அன்று. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதனைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். 1098 என்னும் எண்ணும் இருக்கிறது. ‘உனக்கு ஆபத்து என்றால் மட்டும், உதவக்கூடிய ஒருவரிடம் சொல்வேன்’ என்பதை முதல் நாளே பிள்ளைகளிடம் கூறிவிடுவதே நேர்மை.

உதவி கேட்டல் என்னும் ஒரே திறனைக் கொண்டு ஆறு வாரங்கள் எவ்வாறு நகரும் என்று பார்ப்போம். முதல் வாரம் ஆறு கடுக்காய்களை ஒரு கிண்ணத்தில் இட்டு, வாரம் ஒன்றாக எடுப்போம், தீர்ந்ததும் குழு நிறையும் என்று காட்டவேண்டும். பெயர், விளையாட்டு, குழுவின் விதி மூன்று. அதற்கு மேல் வேண்டா. இரண்டாம் வாரம் அச்சம் உடம்பில் எங்கே இருக்கிறது என்னும் கேள்வி. ஒரு பிள்ளை தொண்டை என்னும். ஒன்று வயிறு என்னும். சொல்லத் தெரியாத பிள்ளை தரையில் வரைந்த மனித உருவின்மேல் ஒரு கல்லை வைக்கும். மூன்றாம் வாரம் விடுதியிலிருந்து பள்ளிவரை வழிப்படம் வரைந்து, இடையே நம்பத்தக்கவர் யார் யார் என்று குறித்தல். சமையல் அக்காவின் பெயர் அதில் முதலில் வந்தால் விடுதிக் காப்பாளர் வருந்த வேண்டியதில்லை.

நான்காம் வாரம் சொற்களைப் பழகுதல். இது வாய்ப்பாடு போல் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டியது. ‘அக்கா, ராத்திரி வயிறு வலிக்குது, சார்கிட்ட கூட்டிக்கிட்டுப் போறீங்களா?’ என்பதைப் பிள்ளையின் பேச்சிலேயே சொல்லப் பழக்குதல் வேண்டும். செந்தமிழாக்கித் திருத்தப் புகுந்தால் பிள்ளையின் வாய் மூடிக்கொள்ளும். தமிழாசிரியர்கள் இங்கே சற்றுப் பொறுத்தருள்க. தெருக்கூத்துக்குப் பெயர்பெற்ற மாவட்டம் இது. ஒருவர் காப்பாளராகவும் ஒருவர் பிள்ளையாகவும் ஒருவர் கட்டியங்காரனாகவும் வேடமிட்டு நடித்தால் கூச்சம் பாதி குறையும்.

ஐந்தாம் வாரமே இதன் உயிர். கேட்ட உதவி கிடைக்காவிட்டால் என்ன செய்வது? ‘போய்ப் படு’ என்று காப்பாளராக நடிப்பவர் விரட்டுகிறார். பிள்ளை நின்று, மூன்றாம் வாரத்துப் படத்தை நினைந்து, இரண்டாம் ஆளிடம் செல்கிறது. உதவி கேட்கக் கற்பிக்கும் பலரும் இதனைக் கற்பிப்பதில்லை. ஒரு முறை மறுக்கப்பட்ட குழந்தை மறுமுறை யாரிடமும் கேட்பதில்லை. அதன் மௌனத்தைப் பெரியோர் அடக்கம் என்று புகழ்வதும் உண்டு. ஆறாம் வாரம் கடைசிக் கடுக்காய். கற்றதை இரண்டாம் வகுப்புத் தம்பி தங்கையர்க்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பேசி, விடைபெறுதல். ஒரு மாதம் கழித்து மீண்டும் ஒரு முறை கூடுதல்.

விடைபெறுதலை இத்துணை நுணுக்கமாகத் திட்டமிடுவது ஏன் என்று கேட்கலாம். இப்பிள்ளைகள் சொல்லாமல் பிரிந்தோரையே மிகுதியும் கண்டவர்கள். விடியுமுன் பேருந்தேறிய தாய், திரும்பாத தந்தை, பாதி ஆண்டில் மாற்றலாகிச் சென்ற ஆசிரியர். இரண்டு வாரம் வந்து பாடி விளையாடிவிட்டு மூன்றாம் வாரம் வாராது போகும் தொண்டர் அவ்வரிசையில் இன்னும் ஒருவர் ஆகிறார். அத்தகைய குழு தொடங்கப்படாமலே இருந்திருக்கலாம். ஆறு வாரம் வர இயலாதவர் முதல் வாரமும் வரலாகாது.

யார் நடத்துவது? மருத்துவர் மலைக்கு வந்து வாரந்தோறும் அமர்தல் இயலாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்தில் அன்னை சத்யா அரசு காப்பகம் போன்ற இல்லங்களில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் வளர்ந்தனர். அந்நாளில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் ஆசிரியர்க்கும் ஊர்த்தொண்டர்க்குமே பயிற்சி அளித்தனர். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் முதலியோர் போர்க்காலப் பிள்ளைகளுக்காக நாடியதும் ஆசிரியர்களையே. பிள்ளையைத் தினமும் காண்பவர் அவரன்றோ? ஆகவே வகுப்பாசிரியரோ காப்பாளரோ ஒருவர், பயிற்சி பெற்ற வெளித்தொண்டர் ஒருவர் என இருவராக அமர்தல் தக்கது. மதிப்பெண் போடும் ஆசிரியர் முன் பிள்ளை வாய் திறக்குமா என்னும் ஐயம் நியாயமானதே. அதனால் அவ்வாசிரியர் குழுவில் தம் சொந்த வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொள்ளாதிருத்தல் கூடுமானவரை நலம். பேரிடரோ பெருந்துயரோ கண்ட குழந்தை உறக்கமும் உணவும் இழந்து நாள்பட இருக்குமாயின் குழு போதாது. 14416 என்னும் டெலிமானஸ் எண்ணை அழைத்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புதல் வேண்டும்.

பயன் விளைந்ததா என்று அறியத் தேர்வு வேண்டா. குழு தொடங்குமுன் இரண்டு வாரம் ஆசிரியரும் காப்பாளரும் ஒவ்வொரு பிள்ளையும் தானாக எத்தனை முறை உதவி கேட்டது என்று கோடிட்டு வைக்கட்டும். முடிந்தபின் இரண்டு வாரம் மீண்டும் எண்ணட்டும். கோடுகள் கூடவில்லையெனின் அந்தத் திட்டத்தை மாற்றவேண்டுமேயன்றிப் பிள்ளையைக் குறைகூறல் ஆகாது.

சமண மரபு போற்றும் நால்வகைத் தானங்களுள் உணவும் மருந்தும் நூலும் கொடுத்தல் அறக்கட்டளைகளுக்குக் கைவந்தவை. நான்காவதாகிய அபயதானத்துக்கு, அஞ்சி நிற்போர்க்கு அச்சம் நீக்குதலுக்கு, மலையில் இடம் உண்டு. அதற்கு ஆகும் செலவும் பெரிதன்று. தொண்டர் இருவரின் பயணச்செலவு, ஆசிரியர்க்கு இரண்டு நாள் பயிற்சி, தாள், வண்ணக்கோல், கைப்பிடிச் சாமை, ஆறு கடுக்காய். மேடையும் பதாகையும் பொன்னாடையும் இதில் இல்லை. ஒளிப்படம் எடுத்தலும் இல்லை. குழுவில் அமர்ந்த பிள்ளையின் முகம் எந்த மலரிலும் வரலாகாது, இம்மலரிலும் கூட.

பள்ளி ஜூனில் திறக்கிறது. விடுமுறை முடிந்து வந்த பிள்ளைகள் விடுதியில் நிலைகொள்ள இரண்டு வாரம் ஆகும். கோடிட்டு எண்ணும் வேலை இரண்டு வாரம். ஜூலை நடுவில் தொடங்கினால் காலாண்டுத் தேர்வுக்கு முன் ஆறு அமர்வுகளும் நிறைவுறும். மழைக்காலத்தில் மலைப்பாதையில் பேருந்து தாமதமாகும் நாள்களுக்காக ஒரு வாரம் கூடுதலாக ஒதுக்கி வைத்தல் வேண்டும். இவையெல்லாம் நடைபெறப் பழங்குடியினர் நலத் துறையின் இசைவும், தலைமையாசிரியரின் இசைவும் மே மாதம் முடியுமுன் கையில் இருத்தல் வேண்டும். விண்ணப்பத்தை ஏப்ரலிலேயே எழுதிவிடுவது நல்லது.